பூட்டி வைத்த பாட்டு யாருக்கு?

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டினார்கள். நான் தலைப்பைச் சொன்னதும் பக்கத்து பெஞ்ச் நண்பன் சிரித்தான். "மேற்கு ஆப்பிரிக்காவோட பழைய இசைத்தட்டா? உனக்கு வேற தலைப்பே கிடைக்கலையாடா? அரியர் பேப்பர் ரெண்டு இருக்கு, அதைப் பாரு!" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு தப்பு செய்துவிட்டு அதை மனதிலேயே வைத்துக்கொண்டிருப்பதைவிட, நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதிவிடலாம் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பரணில் இருந்த பெட்டி

என் அம்மாவின் சித்தப்பா, எங்களுக்குச் சின்னத் தாத்தா, 1978-ல் கணக்கு வாத்தியாராக நைஜீரியா போனவர். எண்ணெய்ப் பணம் புரண்ட காலம் அது. அங்கே பள்ளிக்கூடங்கள் பெருகியபோது நம் பக்கத்திலிருந்து ஆசிரியர்கள் பலர் போனார்கள். தாத்தா இருந்தது ஜோஸ் நகரத்துக்குப் பக்கத்தில். தகரச் சுரங்கங்கள் உள்ள மேட்டுநிலம். ஊட்டி மாதிரி குளிரும் என்பார். 1984-ல் திரும்பி வந்தபோது மற்றவர்களைப் போல அவரும் சாமான்கள் கொண்டுவந்தார். கூடவே ஒரு மரப்பெட்டியில் 14 இசைத்தட்டுகள்.

அந்தப் பெட்டி நாற்பது வருஷம் பரணில் கிடந்தது. போன வருஷம் வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்காக இறக்கி வைத்திருந்தார்கள். நான்தான் தடுத்தேன். ஒர்க்ஷாப்பில் பழைய சாமான் என்றாலே கை அரிக்கிற ஆள் நான். தாத்தாவின் ரெக்கார்டு பிளேயரும் இருந்தது. மோட்டாருக்கு எண்ணெய் விட்டு, அறுந்துபோன பெல்ட்டை மாற்றி, ஆம்ப்ளிஃபயரில் இரண்டு கெப்பாசிட்டர் மாற்றினேன். ஓடியது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் கைக்கு வந்தது ஒரு சின்னத் தட்டு, 45 வேகம். வைத்தேன். ஊசி வழுக்கி வழுக்கி ஓடியது. ஊசி முனையின் தலையில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து ஒட்டினேன். பாரம் ஏறினால் வழுக்காது என்று கணக்கு. பாட்டு கரகரவென்று வந்தது. மூன்று தடவை ஓட்டினேன். பிறகுதான் பார்த்தேன், ஊசியை மாற்றுகிற குமிழ் '78' பக்கம் திரும்பியிருந்தது. பழைய 78 தட்டுக்கான ஊசி முனை ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. 33, 45 தட்டுகளின் பள்ளம் சிறியது. அதற்கான ஊசி ஆயிரத்தில் ஒரு பங்குதான், அதற்கும் குறைவாகவே இருக்கும். பெரிய ஊசி, அதன்மேல் நாணயம்! பள்ளத்தின் இரண்டு சுவரையும் உழுதுவிட்டேன். மூன்று நிமிஷப் பாட்டில் நடு இரண்டு நிமிஷம் இப்போது வெறும் இரைச்சல்.

தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். தட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது கோகே வாசிக்கிறவர் பாட்டுடா. ஸ்கூல் வாசல்ல வந்து வாசிப்பார். அவரோட தட்டு சந்தையில வித்துச்சு, வாங்கினேன்."

"பேர் என்ன தாத்தா?"

"லேபிள்ல இருந்துச்சே!"

லேபிளில் ஈரம் பட்டு எழுத்து அழிந்திருந்தது. தாத்தாவுக்கும் பெயர் ஞாபகம் வரவில்லை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தட்டில் என்ன இருந்தது?

கோகே என்பது ஹௌசா மக்களின் ஒற்றைத் தந்தி வில்வாத்தியம். சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, உடும்புத் தோல் போர்த்தி, குதிரைமயிரைத் தந்தியாகக் கட்டுவார்கள். மீதித் தட்டுகளைச் சரியான ஊசியில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொன்னார். அதில்தான் டான் மராயா ஜோஸ் எனக்கு அறிமுகமானார்.

அந்தப் பெயருக்கே 'ஜோஸ் ஊர் அநாதைப் பிள்ளை' என்று அர்த்தம். 1946-ல் ஜோஸுக்குப் பக்கத்தில் புக்குருவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர். அவர் வாசித்தது குன்டிகி என்ற ஒற்றைத் தந்தி வாத்தியம். அதன் உடம்பு எதனால் ஆனது தெரியுமா? மீன் அடைத்து வருகிற தகர டப்பா! அதன்மேல் ஆட்டுத்தோல். நாம் ஷீட் மெட்டல் லேபில் வீணாக்குகிற தகடு அளவு சாமானை வைத்துக்கொண்டு அந்த மனிதர் நாடு முழுக்க அறியப்பட்டார். 2015-ல் காலமானார்.

புகழ் பாடுகிற பாட்டுக்காரர்கள் அங்கே நிறைய உண்டு. ராஜாவை, வியாபாரியைப் புகழ்ந்தால் காசு கிடைக்கும். டான் மராயா ஏழைகளைப் பாடியதற்குப் பேர் போனவர். 'கரேன் மோட்டா' என்று ஒரு பாட்டு. அந்தச் சொல்லுக்கு 'வண்டியின் நாய்' என்று பொருள். யாரை அப்படிச் சொல்வார்கள்? லாரி கிளீனரை! டயர் மாற்றுகிறவன், வண்டியைத் தள்ளுகிறவன், அழுக்கோடு பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவன். அவனுடைய உழைப்பைப் போற்றித்தான் அந்தப் பாட்டு. டிப்ளமோ படிக்கிற நமக்கு இது புரியாதா நண்பர்களே? நம் அப்பாக்களில் எத்தனை பேர் ஸ்பேனர் பிடித்த கைக்காரர்கள்!

அந்தப் பக்கத்து இசைக்கெல்லாம் ஏட்டுச் சுவடி கிடையாது. மாலி, கினியா, காம்பியா, செனகல் பகுதிகளில் ஜெலி என்ற பரம்பரைப் பாடகர் குலங்கள் இருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாத்தாவின் கதையை அவர்கள்தான் வாய்வழியாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். 21 தந்திகள் கொண்ட கோரா, மரச்சட்டங்களை அடித்து வாசிக்கும் பாலஃபோன், ங்கோனி என்ற சிறு நரம்பு வாத்தியம் எல்லாம் அவர்கள் கையில். ஒரு ஜெலி போனால் அவரோடு அவர் பாணியும் போய்விடும். போகாமல் கொஞ்சமாவது பிடித்து வைத்தது இந்தக் கறுப்புத் தட்டுதான்.

தட்டு வந்த வழி

1928-ல் இன்றைய கானாவிலிருந்து குவாமே அசாரே என்ற கிடார்காரரும் அவருடைய இரண்டு நண்பர்களும் கப்பலேறி லண்டன் போய், 'குமாசி ட்ரியோ' என்ற பெயரில் ஸோனோஃபோன் கம்பெனிக்குப் பாடினார்கள். 'யா அம்பொன்ஸா' என்ற பாட்டு அப்போது பதிவானது. பாட்டு அங்கே பதிவாகி, தட்டாகித் திரும்ப ஆப்பிரிக்கக் கடைகளுக்கு வந்தது.

அந்தக் காலத்து 78 தட்டு அரக்கால் ஆனது. அரக்கு எங்கிருந்து போனது? பெரும்பகுதி நம் நாட்டிலிருந்துதான். சோட்டா நாக்பூர் காடுகளில் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி விட்டதைச் சுரண்டி எடுத்து ஏற்றுமதி செய்தார்கள். ஆக, நம் காட்டுப் பூச்சியின் பிசினில் ஆப்பிரிக்கக் கலைஞனின் குரல் பதிந்திருக்கிறது. "நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்ட பக்கத்து பெஞ்ச் நண்பனுக்கு இது பதில்.

1948-ல் வினைல் எல்.பி. தட்டு வந்தது. அதன்பின் ஒரு பக்கம் வெளிநாட்டார் போய்ப் பதிவு செய்தார்கள். நியூயார்க்கில் மோசஸ் ஆஷ் 1948-ல் தொடங்கிய ஃபோக்வேஸ், பிரெஞ்சு வானொலியின் ஒக்கோரா ஆகியவை கிராமத்து இசையைத் தட்டாக்கின. இன்னொரு பக்கம் சுதந்திரம் அடைந்த நாடுகளே களத்தில் இறங்கின. 1958-ல் பிரான்சுக்கு 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டுவிட்டு விடுதலை பெற்ற கினியா, இசைக்குழுக்களுக்கு அரசுச் சம்பளம் கொடுத்தது. சொந்த மண்ணின் பாட்டைப் புது வாத்தியங்களில் வாசியுங்கள் என்றது. சிலிஃபோன் என்ற அரசு இசைத்தட்டு நிறுவனமும் வந்தது. 'சிலி' என்றால் அவர்கள் மொழியில் யானை. பெம்பேயா ஜாஸ் என்ற குழு, பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த சமோரி தூரேயின் வரலாற்றை ஜெலி மரபில் சொல்லிப் பாடிய தட்டு அதில் வந்ததுதான்.

எப்படி அழிகிறது?

தட்டு தானாகவே அழியாது நண்பர்களே. வெயில், ஈரம், புழுதி, என்னைப் போன்ற அவசரக்காரர்கள் — இவர்கள்தான் அழிக்கிறவர்கள். இதைவிடப் பெரிய அழிவும் உண்டு. 1985-ல் கினியாவில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது தலைநகர் கொனாக்ரியின் வானொலி நிலையம் குண்டுக்கு இலக்காகி, அங்கிருந்த பதிவுகளில் ஒரு பகுதி நாசமானது. 2011-ல் அக்ரா நகரில் வெள்ளம் வந்தபோது, ஜான் காலின்ஸ் என்ற இசை ஆய்வாளர் பல வருஷம் சேர்த்து நடத்திவந்த பொக்கூர் இசை ஆவணக் காப்பகத்தில் தண்ணீர் புகுந்து பெரும் சேதம்.

ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் இதுதான் கதி.

மீட்ட கதையும் சொல்லவேண்டும். கிரேம் கவுன்செல் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு கொனாக்ரி போனார். சிலிஃபோன் தட்டுகளின் வரிசையை மீண்டும் ஒன்று சேர்த்தார். வானொலி நிலையத்தில் தூசி படிந்துகிடந்த டேப் சுருள்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் கணினியில் ஏற்றினார். மொத்தம் 9,410 பாட்டுகள்! பிரதி கினியாவிலும் இருந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் வழியாக உலகத்துக்கும் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் கணினிகள்மீது தாக்குதல் நடந்து, அதன் இணையச் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கின. லண்டனிலேயே இந்தக் கதி என்றால், பிரதி ஓரிடத்தில் மட்டும் இருக்கக்கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அலமாரிக்காரர்கள்

இனி என் கருத்துக்கு வருகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம்.

இன்று பழைய ஆப்பிரிக்கத் தட்டுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. வியாபாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பழைய கடைகளில், மூடிப்போன கம்பெனிக் கிடங்குகளில் கிடப்பதை மொத்தமாக வாங்கிப் போகிறார்கள். விற்றவருக்குச் சில்லறை. வாங்கியவருக்கு ஒரு தட்டே பெரிய பணம். அரிதாக இருந்தால்தான் விலை என்பதால், சிலர் அதை யாருக்கும் கேட்கக்கூடக் கொடுப்பதில்லை. 'உலகத்திலேயே என்னிடம் மட்டும்தான் இருக்கு' என்பதில் ஒரு பெருமை.

இதை நான் சேகரிப்பு என்று சொல்லமாட்டேன். பதுக்கல் என்பேன். அரிசியைப் பதுக்கினால் சட்டம் கேட்கிறது. பாட்டைப் பதுக்கினால்?

ஆனால் எல்லாச் சேகரிப்பாளரையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. அவர்கள் காசு கொடுத்து வாங்கிக் காப்பாற்றாவிட்டால் பாதித் தட்டு குப்பைக்குப் போயிருக்கும். கானாவின் கேப் கோஸ்ட் நகரில் குவாமே சர்ப்பாங் என்பவர் ஆயிரக்கணக்கான பழைய கிராமபோன் தட்டுகளைச் சேர்த்து அருங்காட்சியகமே அமைத்தார். சொந்த ஊரிலேயே, சொந்த ஜனங்களுக்காக! ஃபோக்வேஸ் நிறுவனத்தை 1987-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வாங்கியபோது, அதன் 2,000-க்கு மேற்பட்ட தட்டுகளில் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகக்கூடாது என்பது நிபந்தனை. விற்பனை ஆகிறதோ இல்லையோ, கேட்பவருக்குக் கிடைக்கவேண்டும். இப்படி ஒரு கொள்கை இருந்தால் சேகரிப்பவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

பகிர்வதால் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1970-ல் மாலியின் கோரா மேதைகள் சிதிக்கி தியாபாத்தே, ஜெலிமாதி சிசோக்கோ முதலானோர் வாசித்த ஒரு தட்டு வந்தது. 'பழைய தந்திகள்' என்று பொருள்படும் பெயர். குரலே இல்லாமல் கோராவை மட்டும் வைத்து வந்த முதல் எல்.பி. என்று அதைச் சொல்வார்கள். இருபத்தேழு வருஷம் கழித்து, 1997 செப்டம்பர் 22 இரவு, மாலியின் சுதந்திர தினத்தன்று, பமாக்கோவில் அவர்களுடைய மகன்கள் தூமானி தியாபாத்தேயும் பல்லாக்கே சிசோக்கோவும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள். அப்பாக்களின் தட்டுக்குச் செலுத்திய மரியாதை அது. 1999-ல் 'புதிய பழைய தந்திகள்' என்று வெளிவந்தது. தூமானி 2024-ல் மறைந்தார். ஆனால் அடுத்த பிள்ளைக்கு இரண்டு தட்டும் இருக்கிறது. அப்பாவின் தட்டு யாரோ ஒருவர் பீரோவில் பூட்டிக் கிடந்தால் இது நடக்குமா?

திருட்டு இல்லையா?

'பகிர்வது காப்பிரைட் திருட்டுதானே?' என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. உயிரோடு இருக்கும் கலைஞனின், கடையில் கிடைக்கும் பாட்டைப் பிரதி எடுத்து விநியோகிப்பது அவன் சோற்றில் கை வைப்பது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கம்பெனியே மூடிப்போய், மறுபதிப்பும் இல்லாமல் கிடக்கும் தட்டு?

'யா அம்பொன்ஸா' கதையைப் பாருங்கள். 1990-ல் அமெரிக்கப் பாடகர் பால் சைமன் தன் பாட்டு ஒன்றில் அந்த மெட்டைப் பயன்படுத்தினார். உரிமைத்தொகை யாருக்கு என்ற கேள்வி வந்தது. குவாமே அசாரேயின் பாட்டா, மக்களின் பாட்டா? நாட்டுப்புறச் சொத்து என்று கானா அரசு உரிமை கோரியது. வெளிநாட்டுக்காரரிடம் கேட்டது சரி. ஆனால் 2005-ல் வந்த புதுச் சட்டம், நாட்டுப்புற இசையைத் தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்பதைக் கானா நாட்டவருக்கும் ஆக்கியது. "எங்க பாட்டி பாடின பாட்டுக்கு நாங்களே அனுமதி வாங்கணுமா?" என்பது அங்குள்ள இசைக்காரர்களின் கேள்வி. காவல் போடப் போய் வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திவிட்டார்கள்!

எனவே சட்டம் மட்டும் போதாது. என் மனதுக்குப் பட்ட மூன்று நியாயங்களைச் சொல்கிறேன். ஒன்று, பாடியவர் பெயர், வாத்தியம், ஊர், மொழி, வருஷம் இல்லாமல் எதையும் பகிரக்கூடாது. பெயரில்லாத பாட்டு பாதி செத்த பாட்டு. இரண்டு, முதல் பிரதி பாட்டு பிறந்த ஊருக்குப் போகவேண்டும். மூன்று, அதில் ஒரு ரூபாய் வந்தாலும் கலைஞனுக்கோ அவன் குடும்பத்துக்கோ பங்கு போகவேண்டும். யாராவது வாரிசு வந்து "எடுத்துவிடு" என்றால் மறுபேச்சில்லாமல் எடுக்கவேண்டும்.

நம்மால் என்ன முடியும்?

இதையெல்லாம் பெரிய பெரிய நூலகங்கள் செய்யும், நாம் என்ன செய்ய என்று நினைக்காதீர்கள். தட்டைப் பாட வைக்கும் மெஷினைச் சரிபார்க்கத் தெரிந்தவர் குறைந்துகொண்டே வருகிறார்கள். அது நம் வேலை. மெக்கானிக்கல் நண்பர்கள் தேய்ந்துபோன தண்டுக்கு லேத்தில் புஷ் கடைந்து தரலாம். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் ஆம்ப்ளிஃபயர் பார்க்கலாம். வேகம் சரியா என்று பார்க்கக் காசு செலவே வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நியான் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஓர் அட்டை வட்டத்தில் சமமாக 180 கோடு போட்டுத் தட்டின்மேல் வையுங்கள். விளக்கு வெளிச்சத்தில் கோடுகள் நின்றதுபோலத் தெரிந்தால் வேகம் மிகச்சரியாக 33⅓!

என் அனுபவத்தில் இன்னும் சில: ஊசியை முதலில் பாருங்கள், பிறகு தட்டை வையுங்கள். நாணயம் வைக்காதீர்கள்! லேபிள் நனையாமல் துடையுங்கள். பழைய அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், ஜாக்கிரதை. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். கணினியில் ஏற்றும்போது கரகரப்பை நீக்குகிறேன் பேர்வழி என்று வாத்திய ஒலியையும் சேர்த்து வழித்துவிடாதீர்கள். ஏற்றியது ஏற்றியபடியே ஒரு பிரதி, சுத்தம் செய்தது வேறு பிரதி.

நானும் தாத்தாவும் 13 தட்டுகளை ஏற்றி முடித்துவிட்டோம். லேபிள், உறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்தோம். எந்தச் சந்தையில், ஏறக்குறைய எந்த வருஷம் வாங்கியது என்று தாத்தா சொல்லச் சொல்ல எழுதிவைத்தேன். ஜோஸ் பல்கலைக்கழக நூலகத்துக்கு, பிரதி அனுப்பலாமா என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறோம். பதில் வரவேண்டும்.

பதினாலாவது தட்டு மட்டும் பாக்கி. முதல் அரை நிமிஷமும் கடைசி அரை நிமிஷமும் நன்றாக இருக்கிறது. நடுவில் நான் உழுத இரண்டு நிமிஷம். தட்டு என்றால் ஒன்று மட்டுமா அச்சடித்திருப்பார்கள்? கண்டிப்பாக வேறு யாரிடமாவது இருக்கும். ஜோஸிலேயே ஒரு வீட்டுப் பரணில் இருக்கலாம். ஐரோப்பாவில் ஓர் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கலாம். அவர் மனம் வைத்துத் திறந்தால்தான் அந்தப் பாட்டு முழுசாகும். அந்தக் கலைஞரின் பெயரும் அந்த லேபிளில்தான் இருக்கிறது.

தாத்தாவுக்கு வயசாகிறது. வாரம் ஒருமுறையாவது கேட்பார், "அந்தக் கோகே பாட்டு கிடைச்சுதாடா?" என்று.

"தேடிட்டு இருக்கேன் தாத்தா."

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது பெட்டி இருக்கும் நண்பர்களே. எந்த நாட்டுப் பாட்டோ, எந்த மொழிப் பாட்டோ, பேப்பர்காரருக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். வேறு எங்கோ ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.